தோல் துண்டில் பர்ஸ், மண் சட்டியில் மேளம்! மார்கழி லீவில் குட்டிகளின் கைவேலை

"சொலூஷன்" டப்பா பக்கம் விடாதீர்கள்! போகி நெருப்பில் தோலைப் போடாதீர்கள்!

ஆம்பூர்:-

மார்கழி பிறந்துவிட்டால் பாலாற்றங்கரை ஊர்களுக்கே ஒரு தனிக் களை வந்துவிடும். மலைப் பக்கமிருந்து இறங்கும் பனி, வெயில் ஏறும் வரை கலையாது. டீக்கடை பாய்லர் முன்னால் நாலு பேர் கைகளைத் தேய்த்துக்கொண்டு நிற்பார்கள். ஷூ கம்பெனி வேன் மட்டும் விளக்கைப் போட்டுக்கொண்டு தெருமுனையில் வந்து நின்றுவிடும். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, டிபன் டப்பாவோடு பெண்கள் ஏறிப் போய்விடுவார்கள்.

வீட்டில் யார்? ஆயாவும், அரையாண்டு லீவு விட்ட பேரப்பிள்ளைகளும்தான்.

"இன்னா ஆயா, பொழுதே போவல!"

"பொழுது போவலன்னா இப்படி வந்து குந்துடா கண்ணு. அத்த எடு, இத்த எடு, எதுனா செய்வோம்."

இந்த "எதுனா செய்வோம்" தான் இன்றைக்கு விஷயம். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை, வேலூர் என்று நீளும் இந்தத் தோல் வட்டாரத்தில் கைவேலைக்குச் சாமான் பஞ்சமே கிடையாது. குப்பையில் கிடப்பதே போதும். ஆனால் எதை எடுக்கலாம், எதைத் தொடவே கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும். மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு இல்லாத ஆபத்து இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு உண்டு!

போகி மேளம்

முதலில் ஜாலியான சமாசாரம்.

வட ஆற்காடு, செங்கல்பட்டு, சென்னைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மார்கழிக் கடைசி நாள் என்றால் போகி மேளம்தான். கைக்கு அடக்கமான மண் வளையம், அதன் மேல் இழுத்து ஒட்டிய தோல், தட்டுவதற்கு இரண்டு குச்சி. விடியற்காலை இருட்டில் "டம டம" என்று தெருவே அதிரும். தூங்குகிற பெரியவர்கள் திட்டுவார்கள். திட்டத் திட்டத்தான் சத்தம் கூடும்.

இன்று கடைகளில் பிளாஸ்டிக் மேளமும் விற்கிறது. ஒரு நாள் கூத்துக்குக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா? ஒரு வாரம் முன்னாலேயே உட்கார்ந்தால் ஐந்து வயசுப் பிள்ளையும் ஆயாவும் சேர்ந்து வீட்டிலேயே செய்துவிடலாம்.

மண்பாண்டம் செய்கிறவர் வீட்டில் கேட்டால் அடி உடைந்த சின்னச் சட்டி கிடைக்கும். வேலூர் பக்கத்துக் கரிகிரி மண்பாண்டத்துக்குப் பேர் போன ஊர்தானே! சட்டி கிடைக்காவிட்டால் கொட்டாங்கச்சி. அதுவும் இல்லையென்றால் விளிம்பு வெட்டாத பால் பவுடர் டப்பா. அதன் வாயில் ஒட்டுவதற்குத் தோல் வேண்டாம், காகிதம் போதும். மளிகைக் கடையில் தருகிறார்களே பழுப்புக் காகித உறை, அதுதான் நல்ல உரம். பத்திரிகைத் தாள் என்றால் நாலு மடிப்பு வைக்க வேண்டும்.

காகிதத்தைத் தண்ணீரில் நனைத்துப் பிழியாமல் எடுக்க வேண்டும். சட்டியின் விளிம்பிலும், விளிம்புக்கு வெளியே இரண்டு விரல் அகலத்துக்கும் பசை தடவ வேண்டும். காகிதத்தை மேலே போட்டு நாலு பக்கமும் மெள்ள இழுத்து, வெளிப்பக்கம் ஒட்டி, நூலால் சுற்றிக் கட்டிவிட வேண்டும். அதன் மேல் மறுபடி பசை, மறுபடி காகிதம். மூன்று அடுக்கு போதும்.

அவசரக்காரர்கள் கெடுப்பது இதற்குப் பிறகுதான். கொண்டுபோய் வெயிலில் வைத்துவிடுவார்கள். விளிம்பு முதலில் காய்ந்து நடுவில் கிழிந்துபோகும். நிழலில்தான் காய வேண்டும். ஒரு ராத்திரி, ஒரு பகல்.

மறுநாள் தட்டிப் பார்க்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நேற்று தொளதொளவென்று தொங்கிய காகிதம் இன்று தகடு மாதிரி விறைத்து நிற்கும். காகிதத்தின் நார்களிலிருந்து தண்ணீர் வெளியேறும்போது நார்கள் சுருங்குகின்றன. விளிம்பு ஒட்டியிருப்பதால் இழுபட்டு இறுகுகின்றன. ஈரத்தோலை இழுத்துக் கட்டிக் காய வைத்தாலும் இதே கதைதான். தோல் மேளம் இறுகுவதற்கும் காகித மேளம் இறுகுவதற்கும் காரணம் ஒன்றே.

போகியன்று பனியில் எடுத்துப் போனால் மேளம் மறுபடி தொய்ந்து "பொத் பொத்" என்று சத்தம் போடும். பயப்பட வேண்டாம். அடுப்புச் சூட்டில் சற்றுத் தள்ளிக் காட்டினால் சரியாகிவிடும். பறை அடிக்கும் கலைஞர்கள் ஆட்டம் தொடங்குவதற்கு முன் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சுவதை ஊரே பார்த்திருக்கிறது. "ஏன் காய்ச்சுறாங்க?" என்று ஆறு வயசுப் பிள்ளை கேட்டால் பதில் அதன் கையிலேயே இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. டப்பா வாயில் பலூனைக் கிழித்துக் கட்டி மேளம் செய்கிறவர்கள் உண்டு. சத்தம் நன்றாகத்தான் வரும். ஆனால் மூன்று வயசுக்கு உட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் பலூன் துண்டு வேண்டவே வேண்டாம். வாயில் போட்டால் தொண்டையில் போய்ப் படிந்து மூச்சை அடைத்துவிடும்.

பசை வேணுமா, பசை?

கைவேலை என்றாலே பசை. தோல் வட்டாரத்தில் பசை என்றதும் பிள்ளைகளுக்கு நினைவு வருவது "சொலூஷன்". ஷூவின் அடிப்பாகத்தை ஒட்டுகிற மஞ்சள் பசை. அந்தக் காலி டப்பா பல வீட்டுத் திண்ணையில் உருளும். மூடியைத் திறந்தால் ஒரு வாசனை அடிக்கும். சில பிள்ளைகளுக்கு அந்த வாசனை பிடித்துப்போகும். விஷயம் விபரீதமாவது இங்கேதான்!

அந்த வாசனை டொலுவீன், ஹெக்சேன் மாதிரியான கரைப்பான்களிலிருந்து வருவது. முகர்ந்தால் தலை கிறுகிறுக்கும். நாள்கணக்கில் முகர்ந்தால் மூளையையும் நரம்பையும் தாக்கும். 1960களில் ஜப்பானில் வீட்டிலேயே உட்கார்ந்து செருப்பு ஒட்டும் குடிசைத் தொழில் செய்தவர்களுக்குக் கை கால் மரத்து, நடக்க முடியாமல் போனது. டாக்டர்கள் தேடிப் பார்த்தார்கள். பசையில் இருந்த ஹெக்சேன்தான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். காற்றோட்டமில்லாத சின்ன அறை, மூடிய கதவு, திறந்த பசை டப்பா. குளிர்காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்கிற வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே சொலூஷன் டப்பா, காலியானாலும் சரி, பிள்ளை கைக்கு எட்டாத இடத்துக்குப் போக வேண்டும். அதில் தண்ணீர் மொள்ளுவது, பென்சில் போட்டு வைப்பது எல்லாம் வேண்டாத வேலை.

பிள்ளைகளுக்கு மைதாப் பசைதான் ராஜா. இரண்டு கரண்டி மைதாவை ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சின்னத் தீயில் கிளற வேண்டும். வெள்ளையாக இருந்த கூழ் கண்ணாடி மாதிரி ஆகும்போது இறக்கிவிடலாம். இரண்டு நாள் தாங்கும். புளித்த வாடை வந்தால் கொட்டிவிட்டு வேறு காய்ச்ச வேண்டியதுதான்.

பைண்டிங் கடையில் பூச்சி அரிக்காமல் இருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். புத்தகத்துக்கு அது சரி. குழந்தை கையில் கொடுக்கிற பசையில் மயில்துத்தம் கூடவே கூடாது, அது விஷம்! விரலை நக்காத குழந்தை உலகத்தில் உண்டா?

இன்னொரு பழைய பசையும் உண்டு. புளியங்கொட்டையை வறுத்துத் தோலை நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சுவது. ஆந்திராவில் கொண்டபள்ளி மரப்பொம்மை செய்கிறவர்கள் இன்றும் புளியங்கொட்டைப் பசையைப் பயன்படுத்துகிறார்கள். மைதாவைவிடப் பிடிப்பு ஜாஸ்தி. வேலையும் ஜாஸ்தி!

நட்சத்திரம் கட்டலாம்

டிசம்பர் என்றால் கிறிஸ்துமஸ் நட்சத்திரம். வேலூர் கோட்டைக்குள் கோவிலும் உண்டு, மசூதியும் உண்டு, 1846-ல் கட்டிய புனித யோவான் தேவாலயமும் உண்டு. இந்த வட்டாரத் தெருக்களும் அப்படித்தான். ஒரு வீட்டு வாசலில் நட்சத்திரம் ஏறினால் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் "எனக்கும்" என்று நிற்கும். அதற்கு எந்த மதத்தில் தடை?

கடை நட்சத்திரம் அட்டையில் மடித்து வருவது. வீட்டு நட்சத்திரத்துக்கு மூங்கில் சிம்பு வேண்டும். ஒரே நீளத்தில் பத்து. ஐந்தைக் கோத்துக் கட்டினால் ஒரு நட்சத்திரம். அதே போல இன்னொன்று. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து, ஐந்து முனையையும் சேர்த்துக் கட்ட வேண்டும். பிறகு உள்பக்கம் சிம்புகள் ஒன்றையொன்று வெட்டும் ஐந்து இடத்திலும் நாலு விரல் நீளக் குச்சியைக் குறுக்கே கொடுத்தால் வயிறு உப்பி நிற்கும். மேலே பட்டம் விடுகிற கலர் காகிதம்.

மூங்கிலைச் சீவுவது பெரியவர் வேலை. சிலாம்பு ஏறினால் சின்ன விரல் தாங்காது. முடிச்சுப் போடுவதும், காகிதம் ஒட்டுவதும், "மஞ்சளா, சிவப்பா" என்று சண்டை போடுவதும் பிள்ளைகள் வேலை. உள்ளே மெழுகுவர்த்தி வைக்கிற பழைய வழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. காகிதம், மூங்கில், நெருப்பு மூன்றும் ஒரே இடத்தில் எதற்கு? சூடேறாத சின்ன எல்.இ.டி. பல்பு போதும்.

தீக்குச்சிக் கணக்கு

ஆம்பூரிலிருந்து குடியாத்தம் தூரமில்லை. கைத்தறி லுங்கிக்கும் தீப்பெட்டிக்கும் பேர் போன ஊர். மருந்து வைக்காத வெறும் குச்சி ஒரு பிடி கிடைத்தால் போதும், ஒரு வாரத்துக்குப் பொழுது போகும்.

ஐ.ஐ.டி.யில் படித்த என்ஜினீயர் அரவிந்த் குப்தா, 1978-ல் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளுக்குப் போனார். அங்கே அவர் கையில் எடுத்தது விலையுயர்ந்த கருவி எதையும் அல்ல. தீக்குச்சியும், சைக்கிள் வால்வ் டியூப்பும்தான்! வால்வ் டியூப்பைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, துண்டின் இரண்டு பக்கமும் குச்சியைச் செருகினால் வளைகிற மூட்டு தயார். அதை வைத்து வீடு, பாலம், கோபுரம் என்று கட்டவைத்தார். குப்பையிலிருந்து பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்த அந்த மனிதருக்கு 2018-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

மூன்று குச்சியில் முக்கோணம் செய்து அழுத்தச் சொல்லுங்கள். அசையாது. நாலு குச்சியில் சதுரம் செய்து அழுத்தினால் சாய்ந்துபோகும். சதுரத்துக்குக் குறுக்கே ஒரு குச்சி கொடுத்தால்? நின்றுவிடும்! ரெயில்வே பாலத்தின் இரும்புச் சட்டங்கள் ஏன் முக்கோணம் முக்கோணமாக இருக்கின்றன என்று இனி ரெயிலில் போகும்போது பிள்ளையே சொல்லும்.

மருந்து வைத்த குச்சியை வாங்கி, "மருந்தைச் சுரண்டி எடு" என்று பிள்ளையிடம் கொடுக்கக் கூடாது. வெறும் குச்சி கிடைக்காவிட்டால் ஈர்க்குச்சியை ஒடித்துக்கொள்ளலாம்.

பொம்மைக்குக் கண் வைக்கும்போதும் கவனம் வேண்டும். பிள்ளையார் கண்ணுக்குக் குன்றிமணி வைப்பது நம் வழக்கம். சிவப்பும் கறுப்புமாக அழகாகத்தான் இருக்கும். ஆனால் கடித்து மென்றால் உயிருக்கே ஆபத்தான விஷம் அதற்குள் இருக்கிறது. ஆமணக்கு விதையும், அரளிக் கொட்டையும் அப்படித்தான். கறுப்பு உளுந்தை ஒட்டினால் கண் அதே மாதிரி மினுக்கும். அதையும் கைக்குழந்தை மூக்கில் திணித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தோல் துண்டில் என்ன செய்யலாம்?

இனி ஊர்ச் சமாசாரம்.

இந்த ஊர்களில் தோல் துண்டு எப்படி இத்தனை கலரில் கிடைக்கிறது? ஒரு காலத்தில் இங்கே ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் தோலைப் பதப்படுத்தி, பாதி வேலை முடிந்த நிலையிலேயே கப்பலேற்றினார்கள். வெளிநாட்டில் அதற்கு "கிழக்கு இந்தியத் தோல்" என்றே பேர். 1970களின் தொடக்கத்தில், முழுவதும் பதப்படுத்திய தோலாகவும் ஷூவாகவும் ஏற்றுமதி செய்ய வேண்டும் என்று மத்திய சர்க்கார் வழியை மாற்றியது. அதன் பிறகுதான் ஷூ கம்பெனிகள் பெருகின. கறுப்பு, பழுப்பு, நீலம், சிவப்பு என்று வெட்டுத் துண்டுகள் குவிந்தன.

நாலு விரல் அகலத்துண்டு ஒன்று போதும். பெரியவர் ஓரத்தில் விரற்கடை தூரத்துக்கு ஒன்றாகப் பஞ்ச் அடித்துத் துளை போட்டுத் தர வேண்டும். குத்தூசி பிள்ளை கையில் போகக் கூடாது. பழைய ஷூ லேஸ் ஒன்றைக் கையில் கொடுத்தால் அதன் முனையிலிருக்கும் பிளாஸ்டிக்கே ஊசி! மேலே ஒரு குத்து, கீழே ஒரு குத்து என்று கோத்துக்கொண்டு போனால் சில்லறை போடுகிற பர்ஸ். நீளத்துண்டு என்றால் புத்தகத்துக்கு அடையாளப் பட்டை. வட்டத்துண்டு என்றால் சாவிக்கொத்து.

ஏழு வயசுப் பிள்ளைக்கு இது ஒரு மத்தியான வேலை. விரல் நிதானப்படும். வரிசை தவறினால் அவிழ்த்து மறுபடி கோக்கும். உலகத்துக்கெல்லாம் ஷூ தைத்து அனுப்புகிற ஊர்ப் பிள்ளைக்கு லேஸ் கட்டத் தெரிய வேண்டாமா?

மத்தியப் பிரதேசத்து இந்தூரில் தோலைக்கொண்டு யானை, குதிரை, மான் என்று பொம்மை செய்வது பரம்பரைத் தொழில். புவிசார் குறியீடு வாங்கிய பொம்மைகள் அவை. பக்கத்து ஆந்திராவில் நிம்மலகுண்டா என்ற ஊரில் ஆட்டுத்தோலை விளக்கொளி ஊடுருவும்படி பதப்படுத்திக் கூத்துப் பாவை வெட்டுகிறார்கள். அந்த ஊர்க் கலைஞர் தலவாய் சலபதி ராவுக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. நம் ஊர்ப் பிள்ளைகள் அட்டையில் வெட்டி, ஈர்க்குச்சி சொருகி, வேட்டியைக் கட்டிப் பின்னால் பல்பைப் போட்டால் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு ராமாயணம் நடத்திவிடலாம். டிக்கெட் விற்கிற பொறுப்பை வீட்டிலேயே சின்னவனிடம் கொடுத்தால் அழாமல் இருப்பான்.

எந்தத் தோல் நல்ல தோல்?

துண்டை வெட்டி, வெட்டு வாயைப் பாருங்கள். உள்ளே பழுப்பாக, மரப்பட்டை நிறத்தில் இருந்தால் பெரும்பாலும் பட்டையில் பதப்படுத்திய தோல். நீலம் பாய்ந்த சாம்பல் நிறமாக இருந்தால் குரோமியத்தில் பதப்படுத்தியது. இன்று உலகத்தில் புழங்கும் தோலில் பெரும்பகுதி இரண்டாவது ரகம்தான்.

குரோமியம் என்றதும் பதற வேண்டாம். ஒழுங்காகப் பதப்படுத்திய தோலில் இருப்பது அவ்வளவாகத் தீங்கு செய்யாத குரோமியம். ஷூவாகவும் பெல்ட்டாகவும் எல்லோரும் போடுகிறோம். ஆனால் அதே குரோமியம் சூட்டிலும், வேறு சில சூழ்நிலையிலும் உருமாறி, தோல் அரிப்பையும் புற்றுநோயையும் உண்டாக்குகிற ரகமாக ஆகக்கூடும். அதற்காகத்தான் ஐரோப்பிய நாடுகள், உடம்பில் படுகிற தோல் சாமான்களில் அந்தக் கெட்ட ரகம் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டினாலே விற்கக் கூடாது என்று 2015 மே முதல் சட்டம் போட்டிருக்கின்றன. இங்கிருந்து போகும் ஷூக்கள் அந்தச் சோதனையில் தேற வேண்டும்.

வெளிநாட்டுக்காரன் காலுக்கு அத்தனை பாதுகாப்பு என்றால் நம் வீட்டுக் குழந்தையின் வாய்க்கு வேண்டாமா? வாயில் போட்டுச் சப்புகிற வயசில் தோல் துண்டு கூடாது. ஐந்து வயசுக்கு மேல் கொடுக்கலாம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். டேனரிக் கழிவில் கிடக்கும் ஈரத்தோல், நீலத்தோல் சீவல், தூள் இவற்றைப் பொறுக்கவே கூடாது. தையல் பிரிவில் விழுகிற காய்ந்த வெட்டுத் துண்டுதான் கைவேலைக்கு.

களிமண்ணும் கண்ட இடத்தில் எடுக்கக் கூடாது. ராணிப்பேட்டையில் 1970களில் தொடங்கி 1990களில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை விட்டுவிட்டுப் போன கழிவு லட்சம் டன்னுக்கு மேல். அங்கே மழைத் தண்ணீர் மஞ்சளாக ஓடிய படங்களை நாடே பார்த்தது. 1996 ஆகஸ்டு 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் தீர்ப்புக் கூறியபோது, இந்தத் தோல் வட்டாரத்தில் சுமார் 35 ஆயிரம் ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுவதுமாகவோ பாழாகிவிட்டதைச் சுட்டிக்காட்டியது. 2025 ஜனவரியில் மறுபடியும் ஒரு தீர்ப்பு, மறுபடியும் பாலாறு. கோர்ட்டு விவகாரம் அதன் பாட்டுக்கு நடக்கட்டும். பிள்ளை விளையாடுகிற மண், டேனரிக் கால்வாய் ஓரத்து மண்ணாக இருக்கக் கூடாது. மண்பாண்டக்காரர் பிசைந்து வைத்த மண்ணில் ஒரு உருண்டை வாங்கினால் அகல் விளக்கு, மாடு, சொப்பு எல்லாம் செய்யலாம்.

விளையாட்டா, வேலையா?

இன்னொரு விஷயம், சற்றுக் கசப்பானது.

ஆம்பூர்ப் பக்கத்தில் ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்கும் வேலையைப் பெண்கள் வீட்டுக்கே எடுத்துவந்து செய்கிறார்கள். ஒரு ஜோடிக்குச் சில ரூபாய்தான் கூலி. கம்பெனிச் சம்பளமோ, பி.எப்.போ, இ.எஸ்.ஐ.யோ கிடையாது. அம்மா தைக்கும்போது பிள்ளை பக்கத்தில் உட்காரும். "நான் ஒண்ணு போடட்டுமா?" என்று கேட்கும். முதல் நாள் விளையாட்டு. இரண்டாம் நாள் உதவி. பத்தாம் நாள்?

14 வயசு முடியாத பிள்ளையை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்று 2016-ல் சட்டத்தை இறுக்கினார்கள். பள்ளிக்கூட நேரம் போக, குடும்பத் தொழிலில் உதவலாம் என்று அதிலேயே ஒரு சந்தும் விட்டார்கள். வீட்டுக்குள் நடப்பதை எந்த இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கப்போகிறார்?

வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். பிள்ளை பாதியில் போட்டுவிட்டு ஓடினால் யாரும் திட்டாத வேலை கைவேலை. "முடிச்சிட்டுப் போ" என்று சொல்கிற வேலை கூலி வேலை.

கையால் செய்து படிக்கிற படிப்பு ஒன்றும் புதுசு இல்லை. காந்திஜி 1937-ல் வார்தாவில் ஆதாரக் கல்வி என்று சொன்னது அதைத்தான். இத்தாலிய டாக்டர் மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து, யுத்தம் முடியும் வரை இந்தியாவிலேயே தங்கி, ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதைத்தான். 1975 அக்டோபர் 2-ந் தேதி தொடங்கிய குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தில் பிறந்த அங்கன்வாடிகளில் ஆட்டமும் பாட்டும் களிமண்ணும் பாடத்திட்டத்திலேயே இருக்கின்றன. அங்கன்வாடி அம்மாவிடம் கொஞ்சம் கலர் காகிதமும் மைதாவும் கொடுத்துப் பாருங்கள், லீவு முழுக்கப் பிள்ளைகள் வீட்டுப் பக்கம் வரமாட்டார்கள்.

போகியன்று ஜாக்கிரதை!

தை பிறப்பதற்கு முதல் நாள் விடியற்காலை, "பழையன கழிதல்" என்று பாய், துடைப்பம், கிழிந்த துணி கொளுத்துவார்கள். தோல் ஊர்களில் இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. வருஷம் முழுக்கச் சேர்த்து வைத்த தோல் துண்டு, ரெக்சின், பழைய செருப்பு. நெருப்பு அணையாமல் வெகுநேரம் எரிகிறதே என்று பிள்ளைகளும் கொண்டுவந்து போடுகிறார்கள்.

கூடாது!

குரோமியத் தோலை எரித்தால் மேலே சொன்ன கெட்ட குரோமியம் சாம்பலிலும் புகையிலும் உருவாகக்கூடும். ரெக்சினை எரித்தால் கண்ணையும் மூச்சுக்குழலையும் அரிக்கும் அமில வாயு வரும். டயரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மார்கழிக் காலைக் காற்று குளிர்ந்து கனத்துத் தரையோடு கிடக்கும். புகை மேலே போக வழியிருக்காது. மூன்றடி உயரப் பிள்ளையின் மூக்குக்கு நேராகத்தான் நிற்கும். 2018 போகியன்று சென்னையில் புகையும் பனியும் சேர்ந்து விமானப் போக்குவரத்தே தடுமாறிப்போனது. ஆகாய விமானத்துக்கே வழி தெரியவில்லை என்றால் ஆஸ்துமாப் பிள்ளை என்ன செய்யும்?

மிஞ்சிய தோலைச் சாக்கில் கட்டி வைத்தால் எடைக்கு எடுக்க ஆள் உண்டு. அதை அரைத்து அழுத்தி லெதர் போர்டு செய்கிறார்கள். ஷூவுக்குள் போடும் அட்டையாகத் திரும்பி வருகிறது. அந்தக் காசில் பிள்ளைக்கு ஒரு கரும்பு வாங்கிக் கொடுக்கலாம்.

நெருப்புக்கு ஓலைப்பாயும் விளக்குமாறும் போதும். சுற்றிலும் பிள்ளைகள் மேளத்தோடு நிற்பார்கள். குச்சியை வீசி அடிக்கும்போது பக்கத்துப் பிள்ளை கண்ணில் படாமல் ஒரு பெரியவர் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பொழுது விடிவதற்குள் பாதி மேளம் கிழிந்துவிடும். சில பிள்ளைகள் அழும். ஆயா ஒன்றும் சொல்லாமல் கிழிந்த காகிதத்தைப் பிய்த்து நெருப்பில் போட்டுவிட்டு, மண் வளையத்தைக் கழுவிப் பரண் மேல் ஏற்றிவிடுவார். அடுத்த வருஷத்துக்குக் காகிதம் மட்டும் இருந்தால் போதும்.